ஒரே குளம், பலவகைப் பயனர்கள்: தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்?

கேள்வி:
எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் காலையில் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களும், அதன்பின் கைக்குழந்தைகளும், மாலையில் மூட்டுவலிக்காக நீரில் நடக்கும் முதியவர்களும் இறங்குகிறார்கள். 27 டிகிரி செல்சியஸில் குழந்தைகளின் உதடு நீலம் பாரிக்கிறது. 31 ஆக்கினால் பயிற்சி எடுப்பவர்கள் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். எதை வைப்பது?

பதில் 1:
சர்வதேசப் போட்டி விதிகள் 25 முதல் 28 டிகிரி வரை அனுமதிக்கின்றன. வேகமாக நீந்தும் உடல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், வெந்நீரில் அது வெளியேற வழியின்றிச் சோர்வு வரும். குழந்தைகளுக்கோ எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம் என்பதால் உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். அவர்களுக்கு 32 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது.

பதில் 2:
அவ்வளவு பெரிய குளத்தின் வெப்பநிலையை வேளைக்கு வேளை மாற்ற இயலாது. 29 டிகிரியில் நிறுத்தி, குழந்தைகளின் நேரத்தை இருபது நிமிடமாகக் குறைத்து, உடற்சூட்டைக் காக்கும் நீச்சல் உடையான வெட்சூட் அணிவியுங்கள்.

பதில் 3:
வெப்பம் கூடினால் குளோரின் விரைவாகத் தீரும் என்பதால் அளவை அடிக்கடி சோதியுங்கள். நடக்க மட்டும் வரும் முதியவர்களுக்கு 29 சற்றுக் குளிர்தான். முடிந்தால் அவர்களுக்கெனச் சிறு தொட்டியை 33 டிகிரியில் தனியாக வைக்கலாம்.