டயோடு போட்ட பிறகும் ஸ்பீக்கர் இரைகிறது, ஏன்?

பாலிடெக்_பையன்:
வணக்கம். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு பவர் சப்ளை செய்துகொண்டிருக்கிறேன். சுவரில் வரும் 230 வோல்ட்டை 12 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு நான்கு. மீட்டரை டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வைத்து அளந்தால் 9.5தான் காட்டியது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் போட்டதும் 16க்கு ஏறிவிட்டது! 12ஐ மீறி எங்கிருந்து வந்தது? பாட்டு போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வேறு.

ஈஷூன்_சாலிடர்:
தம்பி, 12 என்பது ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது அதே அளவு சூடு தரும் டிசிக்குச் சமமான அளவு. அலையின் உச்சி அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். ஒவ்வோர் அரைச்சுற்றிலும் எதிரெதிரே உள்ள இரண்டு டயோடுகள்தான் மின்சாரத்தை விடும், மற்ற இரண்டும் தடுத்து நிற்கும், அடுத்த அரைச்சுற்றில் வேலை மாறும். அதனால் உள்ளே திசை எப்படி மாறினாலும் வெளியே ஒரே பக்கம்தான் ஓடும். ஆனால் அது இன்னும் நேரான டிசி இல்லை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று என்பதால் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்துக்கு இறங்கி ஏறும் மேடுகள், அவ்வளவுதான். மீட்டர் காட்டிய 9.5 அந்த மேடுகளின் சராசரி, அதுவும் டயோடுகள் தின்றது போக. கெப்பாசிட்டர் உச்சிவரை நிரம்பிக்கொள்ளும், இழுக்க ஆளில்லாவிட்டால் அங்கேயே நிற்கும். 17இல் டயோடுகள் தின்றது போக, அதுதான் 16.

பாட்டு போட்டால் கதை வேறு. அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வை. கரண்ட்டை 100ஆலும் ஃபாரட்டாலும் வகுத்துப் பார், 470க்கு 10 வோல்ட்டுக்கு மேல் வரும். நிஜத்தில் அவ்வளவு இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும் என்றாலும், நீ கேட்கும் இரைச்சல் இந்த ஏற்ற இறக்கம்தான். 4700 போட்டால் 1 வோல்ட் சொச்சத்தில் அடங்கும்.

ஜூரோங்_வயர்மேன்:
சரியான விளக்கம். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், கெப்பாசிட்டர் மேல் 16 வோல்ட் என்று போட்டிருந்தால் உடனே கழற்று, 25க்குக் குறையாமல் வாங்கு. பட்டை போட்ட கால் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கும். 230 வோல்ட் பக்கத்தில் கை வைக்கும்முன் பிளக்கையே உருவிவிடு, சுவிட்சை மட்டும் நம்பாதே.

பாலிடெக்_பையன்:
நன்றி அண்ணே. டயோடு ஒன்று போயிருந்தாலும் இப்படித்தான் இரையுமா?

ஈஷூன்_சாலிடர்:
இரையும், ஆனால் ஒன்று திறந்துபோனால் (உள்ளே அறுந்து மின்சாரத்தையே விடாமல் போனால்) பாதி மேடுகள் காணாமல் போய் 50 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், குரல் இன்னும் கட்டையாக இருக்கும். பவரை நிறுத்தி மீட்டரின் டயோடு முறையில் ஒவ்வொன்றாகப் பார், ஒரு பக்கம் 0.6 அளவில் காட்டவேண்டும். பொருளுக்கு நம்ம சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைகளுக்குப் போ, சிம் லிம் ஸ்குவேர் இல்லை, அங்கே கம்ப்யூட்டர்தான்.