டபிள்யூ.பி.சி. (வெள்ளையணு) அதிகமாகத்தான் இருக்கிறது, அப்புறம் எதற்கு டி.எச்.ஆர். டெஸ்ட்?

செல்வி, திண்டுக்கல்:
தங்கை பையனுக்கு மூன்று வயது. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டபோதே அக்குளில் நெறிகட்டி சீழ் வைத்தது. பிறகு கழுத்தில், இப்போது கல்லீரலில் கட்டி. டாக்டர் சி.ஜி.டி. (க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ், பிறவியிலேயே வரும் எதிர்ப்பு சக்திக் குறைபாடு) என்று சந்தேகப்படுகிறார். வெள்ளையணு 18,000 இருக்கும்போது எதிர்ப்பு சக்தி இல்லை என்றால் எப்படி? டி.எச்.ஆர். டெஸ்டுக்குத் தங்கை ரத்தமும், உறவில்லாத ஒருவர் ரத்தமும் வேறு கேட்கிறார்கள்.

லேப்காரன்:
அக்கா, அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷினோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். கவுண்ட் என்பது தலையெண்ணிக்கை மட்டும்தான். இந்தப் பிள்ளைகளின் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு கிருமியை ஒழுங்காக விழுங்கிவிடும், கொல்லத்தான் முடியாது. கொல்வதற்கு என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் என்ற நொதி வேண்டும். அது ஆக்சிஜனை சூப்பராக்சைடாக மாற்றும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்புறம் ஹைப்போகுளோரஸ் அமிலம். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிடைக்கிற அதே சரக்கு. (கடைசிப் படியைச் செய்கிற மைலோபெராக்சிடேஸ் பச்சை நிறம். சீழ் பச்சையடிப்பது அதனால்தான்.) சி.ஜி.டி.யில் முதல் படியே நடப்பதில்லை. கிருமி அணுவுக்குள் உயிரோடு இருக்க, உடம்பு மேலும் மேலும் அணுக்களை அனுப்பிக் கட்டியாக்கிவிடுகிறது.

1957இல் மினசோட்டா மருத்துவர்கள் இந்நோயை விவரித்தபோது அவர்களுக்கும் உங்கள் குழப்பமேதான். ஆன்டிபாடியும் குறையவில்லை, வெள்ளையணுவும் குறையவில்லை, குழந்தைகள் மட்டும் இறந்தார்கள். கோளாறு கொல்வதில் இருக்கிறது என்பது 1966இல்தான் பிடிபட்டது.

டெஸ்டில் அணுக்களுக்கு டைஹைட்ரோரோடமின் (அதுதான் டி.எச்.ஆர்.) சாயம் ஏற்றி, பி.எம்.ஏ. என்ற தூண்டும் ரசாயனம் போட்டு உசுப்புவோம். பெராக்சைடு வந்தால் பச்சையாக ஒளிரும். வெளியாள் ரத்தமும் கூடவே வரவேண்டும். அதுவும் ஒளிரவில்லை என்றால் வழியில் சாம்பிள் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தாய் ரத்தம் எதற்கென்றால், சி.ஜி.டி.யில் பெரும்பாலானது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. நோயைக் கடத்தும் தாய்க்குப் பாதி அணு ஒளிரும், பாதி ஒளிராது, கிராஃபில் இரண்டு மேடு. இந்தப் பாதி ஆளுக்கு ஆள் மாறும்.

பாலா அம்மா:
என் பையனுக்கு சி.ஜி.டி. தினமும் கோ-ட்ரைமாக்சசோல் (பாக்டீரியாவுக்கு), இட்ராகோனசோல் (பூஞ்சைக்கு) மாத்திரை. எருக்குழி, காய்ந்த சருகு, பழைய வைக்கோல் பக்கமே விடாதீர்கள் செல்வி. அங்கிருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நேராக நுரையீரலுக்குப் போகும். வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால், டெஸ்ட் முடியும்வரை பி.சி.ஜி.யைத் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயையே தீர்த்துவிடும். நாங்கள் அதற்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

செல்வி, திண்டுக்கல்:
நன்றி. தங்கை தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரே மேடு வந்தால் பையனுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

லேப்காரன்:
கூடாது அக்கா. அந்த நொதியின் ஒரு பகுதியான பி47 புரதம் இல்லாத வகை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருவது. சொந்தத்தில் கட்டியவர்களிடம் அதைத்தான் நாங்கள் முதலில் நினைப்போம். அதில் பெற்றோர் இருவர் கிராஃபும் சாதாரணமாகவே இருக்கும். பையனுக்கு மட்டும் மேடு தாழ்ந்து அகன்று, கொஞ்சம் ஒளி மிச்சமிருக்கும். அப்படி வந்தால் ஜீன் டெஸ்ட் கேளுங்கள். தாய்மாமனைக் கட்டியிருப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பாரத்தில் அந்தக் கட்டத்தைப் பலர் காலியாகவே விட்டு அனுப்புகிறார்கள்.