ஊட்டிக் குளிரில் ஃபோகஸ் நழுவுகிறது, மைக்ரோஸ்கோப்பில் உயிருள்ள செல்களை லைவ் இமேஜிங் செய்பவர்கள் சொல்லுங்கள்

எச்ஐவி ஒரு டி செல்லிலிருந்து (நோய் எதிர்ப்பு வெள்ளை அணு) ஒட்டியிருக்கும் அடுத்த செல்லுக்குத் தாவுவதைப் படம் பிடிக்கிறோம். நிஜ வைரஸ் இல்லை; வைரஸின் உறைப் புரதமான என்வும், பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி கோத்த அதன் உட்புரதமான காக்கும் உள்ள ஜர்காட் செல்கள்தான் (ஆய்வகத்தில் வளர்க்கும் டி செல்கள்). பழைய இன்வெர்ட்டட் மைக்ரோஸ்கோப் (லென்ஸ் கீழிருந்து பார்க்கும்), 60 எக்ஸ் ஆயில் லென்ஸ் (லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எண்ணெய்), ஆட்டோ ஃபோகஸ் கிடையாது.

மார்கழி பிறந்ததிலிருந்து இதே தொல்லை. இரண்டு செல்லும் ஒட்டி, நடுவே பச்சைப் பொட்டு திரளும் நேரம் பார்த்துப் படம் மங்கிவிடுகிறது. மதிய வெயிலில் கொஞ்சம் பரவாயில்லை.

செல்கள் கண்ணாடியில் ஒட்டப் பாலி லைசின் பூசியாயிற்று, செல்கள் நகரவில்லை. மேடை 37 டிகிரி காட்டுகிறது, ஆனால் லென்ஸைத் தொட்டால் சில்லென்கிறது. எண்ணெய் வழியே சூடு இறங்குகிறது போல. ரூம் ஹீட்டர் வைத்தோம். அது அணைந்து எரியும்போது இன்னும் மோசம். இசட் ஸ்டேக்கை (மேலிருந்து கீழாகப் பல அடுக்குப் படங்கள்) அகலமாக எடுத்தால் ஜிஎஃப்பி வெளிறிவிடுகிறது.

லென்ஸுக்கு மட்டும் ஹீட்டர் காலர் போட்டால் போதுமா, இல்லை மைக்ரோஸ்கோப் முழுவதையும் பெட்டிக்குள் அடைத்தே ஆகவேண்டுமா?