எந்திரத் துப்பாக்கியோடு பழகியவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் (காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம்)

முன்னாள் சிப்பாய், கோட்டையூர்

எம்.எம்.ஜி., அதாவது மாக் என்கிற நடுத்தர எந்திரத் துப்பாக்கி, இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரவுச் சுடுபயிற்சி. சுடுகிற நம்பர் ஒன் நான். தோட்டா பெல்ட்டைப் பிடித்து, சூடான பேரலை (குழலை) மாற்ற வேண்டிய நம்பர் டூ ஒரு புதுப் பையன். மாற்று என்றதும் கழற்றினான், அடுத்ததை மாட்டினான், கை நடுங்கவே இல்லை. கழற்றிய பேரலைத்தான் பக்கத்தில் விரித்திருந்த ரப்பர் விரிப்பில் வைத்துவிட்டான். முதலில் நாற்றம் வந்தது. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் டார்ச் அடித்தார். விரிப்பு உருகிக் கறுப்புப் பாகாகப் பேரலைச் சுற்றிப் பிடித்திருந்தது. அதை மறுபடி மாட்ட வேண்டிய நேரம் வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பையனைத் திட்ட எனக்கு இன்றும் மனம் வரவில்லை. வேகமாகச் சுட்டால் நிமிடத்துக்கு 200 தோட்டா, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பேரல் என்பது கணக்கு. அந்தச் சூட்டை இருட்டில் ஒரு மனிதன் கையாளப் போகிறான் என்று யோசித்துத்தான் இதில் பேரலுக்கே கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்களின் பழைய எம்60 எந்திரத் துப்பாக்கியில் அதுவும் கிடையாது. கல்நார்க் கையுறை போட்டுக் கழற்ற வேண்டும், முன்கால்களும் பேரலோடேயே வந்துவிடும். அதுவாக இருந்திருந்தால் பையனின் கை போயிருக்கும்.

பாலிடெக்னிக் வாத்தியார்

கோட்டையூர் அண்ணன் கைப்பிடியோடு நிறுத்திவிட்டார். எனக்கு அதே துப்பாக்கியில் மறக்காதது உள்ளே இருக்கும் வேலை. திருச்சியில் ஒரு ராணுவக் கண்காட்சி. மேல்மூடியைத் திறந்து, அதன் அடியிலிருந்த நெம்புகோலை ஒரு வீரர் விரலால் தள்ளிக் காட்டினார். உள்ளே இரண்டு வரிசைப் பற்கள். ஒன்று இந்தப் பக்கம் போனால் மற்றது அந்தப் பக்கம் போகிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் பின்னால் போகையில் பெல்ட் பாதித் தூரம் நகரும், முன்னால் வருகையில் மீதிப் பாதி. ஒரே இழுப்பாக இழுத்தால் பெல்ட் குலுங்கும், அதற்காக இப்படி. மகள் பஜ்ஜி வேண்டுமென்று சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தாள், நான் நகரவில்லை.

அந்தப் பற்கள் ஜெர்மானிய எம்ஜி42 எந்திரத் துப்பாக்கி கொடுத்த யோசனை. போல்ட்டைப் பூட்டும் முறை அமெரிக்க வடிவமைப்பாளர் பிரௌனிங்கின் பி.ஏ.ஆர். துப்பாக்கியுடையது. பெல்ஜியத்தின் எர்னஸ்ட் வெர்வியர் 1950களில் அதைத் தலைகீழாகத் திருப்பி, மேலே பெல்ட்டுக்கு இடம் உண்டாக்கினார். கான்பூர் தொழிற்சாலையில் நமக்காகச் செய்வதும் அந்த மாக் தான். இதைக் காப்பி என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

தேவகோட்டைப் பேரன், சிங்கப்பூர்

எடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! மாக் பதினொரு கிலோவுக்கு மேல். அதைச் சுமந்து ஓடியவர் இங்கே யார்?

எங்கள் ஐயா இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். அதே ஊரில் தேசிய சேவையில் என் தோளில் ஏறியது சிங்கப்பூரின் அல்டிமேக்ஸ் 100 இலகு எந்திரத் துப்பாக்கி. காலியாக ஐந்து கிலோகூட இல்லை. இவ்வளவு இலேசாக இருந்தால் தோளைப் பெயர்த்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினேன். குறிமுனை இலக்கை விட்டு நகரவே இல்லை. சுட்டது நான்தானா என்று பக்கத்தில் பார்த்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. மற்றத் துப்பாக்கிகளில் போல்ட் பின்னால் போய்ப் பின்சுவரில் இடிக்கும். இதில் பாதையை நீளமாக விட்டு, சுவரைத் தொடுமுன் ஸ்பிரிங்கே நிறுத்திவிடுகிறது. பஸ் சுவரில் மோதி நிற்பதற்கும் ஓட்டுநர் மெல்லப் பிரேக் பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம். வடிவமைத்தவர் ஜேம்ஸ் சல்லிவன், அமெரிக்க ஏ.ஆர்.15 துப்பாக்கியிலும் கை வைத்தவர். வாத்தியார் ஐயா, பழையதை ஒட்டவைப்பது மட்டுமே வடிவமைப்பு இல்லை.

செக்காலைவாசி

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில், பர்மாத் தேக்குப் பெட்டிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே வளைந்த இரும்புக் கூடு ஒன்று கிடந்தது. பேனா வைக்கும் தட்டு என்றார் கடைக்காரர். பழைய பிரிட்டிஷ் பிரென் எந்திரத் துப்பாக்கியின் மேகசின், தோட்டா அடுக்கும் கூடு! .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, அடுக்கினால் வளையும், அதனால் கூடும் வளைவு. கையில் எடுத்ததும் வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன், வரவேற்பறையில் வைக்க அழகாக இருக்கும் என்று இதையெல்லாம் வாங்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் உதிரிப் பாகங்களும் வருகின்றன. தானியங்கித் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட ஆயுதம், சாதாரண உரிமம் அதற்குச் செல்லாது. ரசீது இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். பழைய வீட்டுப் பரணில் கிடைத்தால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படம் எடுத்துப் போடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள், பிறகு காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீடென்றால் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் அது வேறு வழக்காகும்.

பாலிடெக்னிக் வாத்தியார்

செக்காலைக்காரரே, இங்கே யாரும் துப்பாக்கி வாங்குவதாகச் சொல்லவில்லை.

முன்னாள் சிப்பாய், கோட்டையூர்

சிங்கப்பூர்த் தம்பி, சுமந்து ஓடியவன் நான்தான். முழங்கால் இன்னும் சொல்கிறது. ஆனால் உங்கள் துப்பாக்கி சிறு படைக்குழுவான செக்‌ஷனோடு ஓடுவது, என்னுடையது ஓரிடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சுடுவது. அல்டிமேக்ஸிலும் மார்க் 2இல் பேரலைக் கழற்ற முடியாமல் வைத்துவிட்டு, மார்க் 3இல் மாற்றும் பேரல் கொடுத்தார்களே, ஏன்? சூடு யாரையும் விடாது. சுடாதபோது போல்ட் பின்னாலேயே நிற்பதும் அதற்காகத்தான். இல்லையென்றால் கொதிக்கும் பேரலுக்குள் கிடக்கும் தோட்டா தானாக வெடிக்கும்.

எடையில் மட்டும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 2020 மார்ச்சில் 880 கோடி ரூபாய்க்கு நம் படைக்கு இஸ்ரேலின் நெகெவ் எந்திரத் துப்பாக்கி 16,479 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதே 7.62 தோட்டா, எட்டு கிலோவுக்குள், ஒற்றை ஒற்றையாகவும் சுடலாம். என் காலத்தில் வரவில்லை. இப்போது படையில் இருக்கும் நம் பக்கத்துப் பையன்கள் யாராவது அதில் பேரல் மாற்றியிருந்தால் எழுதுங்கள், எதன்மேல் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து.