சுருக்கப் பெயர்களில் கடைசிப் புள்ளி: உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கே.கே. நகரில் எங்கள் குடியிருப்போர் சங்க மலருக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுருக்கப் பெயர்களில் அப்படியே நின்றுவிட்டேன்.

தியாகராய நகர் 'தி.நகர்' ஆனது, தமிழ் எழுத்தையே எடுத்திருக்கிறோம், அதுவும் 'த்' என்று இல்லாமல் உயிர்மெய்யாக. கலைஞர் கருணாநிதி நகரோ 'க.க.' ஆகாமல் ஆங்கில எழுத்துகளோடு 'கே.கே.' ஆகிவிட்டது. சரி, இவை ஊர் வழக்கு, தொட மாட்டேன். சொல்லாகவே படிக்கிற இஸ்ரோவுக்குப் புள்ளி வேண்டாம் என்பதிலும் எனக்குக் குழப்பமில்லை.

வேற்றுமை உருபு சேரும்போதுதான் சிக்கல். 'ஐ.ஐ.டி.யில்' என்பதா, 'ஐ.ஐ.டியில்' என்பதா, 'ஐஐடியில்' என்பதா? 'எம்.ஜி.ஆரின்' என்னும்போது கடைசிப் புள்ளி தானாகவே மறைகிறதே, அப்படியானால் 'வ.உ.சி.யின்' என்பதில் மட்டும் ஏன் வைக்க வேண்டும்? பத்திரிகை, பதிப்புத் துறையில் இருப்பவர்கள் நீங்கள் பின்பற்றும் முறையைக் காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.