ரியூப் கொம்போ அம்ப்: டெமோ வீடியோவை எவ்வளவு நம்பலாம்? 120 வோல்ட் அம்ப் கொழும்பில சரிவருமா?

ஒற்றைச்சுருள்_வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். கிற்றாருக்கு ரியூப் கொம்போ (வெற்றிடக் குழாயில ஓடுற அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்கிறது) ஒண்டு வாங்கப் போறன். பாவிச்ச அம்ப் ரெண்டு விலைக்கு வந்திருக்கு.

ஒண்டு ஃபென்டர் புளூஸ் ஜூனியர், 15 வாட், 230 வோல்ட். மற்றது ஃபென்டர் 65 டீலக்ஸ் ரிவேர்ப், 22 வாட். இது அமெரிக்காவில இருந்து வந்த 120 வோல்ட் அம்ப், வோல்ட்டைக் குறைக்கிற ஸ்ரெப் டவுன் பெட்டியையும் சேர்த்துத் தருவினமாம். கிற்றார் ரெலிகாஸ்ரர். கிழமை நாளில வெள்ளவத்தையில மூண்டாம் மாடி பிளற், ஞாயிறில ட்ரம்ஸோட சேர்ச் பாண்ட்.

யூரியூப்பில ரெண்டின்ர டெமோவும் நிறையப் பார்த்திட்டன். ஒரே அம்ப் ஒரு வீடியோவில தேன் மாதிரி, இன்னொண்டில காதைக் குத்துது. எதை நம்புறது? விக்கிறவரின்ர வீட்டில அரை மணித்தியாலம் வாசிச்சுப் பார்க்கலாம் எண்டார். அந்த நேரத்துக்குள்ள எதையெல்லாம் பார்க்க வேணும்? 120 வோல்ட் அம்பை இங்க பாவிச்சா ஏதும் வில்லங்கம் இருக்கோ?

மைக்_ஸ்ராண்ட்

டெமோ பற்றின கேள்விக்கு மட்டும் எழுதுறேன், மின்சாரத்துக்கு இங்க வேற ஆள் இருக்கார்.

வீடியோவில நீங்க கேக்குறது மைக் கேட்ட சத்தம். வழக்கமா ஒரு ஷுவர் எஸ்.எம். 57 கிறில் துணியிலிருந்து ரெண்டு மூணு சென்ரிமீற்றர் தள்ளி நிக்கும். அது கோனின் நடு மூடிக்கு நேரா நின்றா கூர்மையான சத்தம். மூணு சென்ரிமீற்றர் ஓரத்துக்கு நகர்த்தினா அதே அம்ப், அதே செற்றிங், ஆனா மென்மையாகிடும். உங்க ரெண்டு வீடியோவுக்கும் இருக்கிற வித்தியாசத்தில பெரும்பகுதி இதுவாத்தான் இருக்கும். அதுக்குப் பிறகு அடிப்பகுதி பேஸை வெட்டுவாங்க, ஒரே ரிஃபை ரெண்டு தரம் வாசிச்சு இடது வலது பக்கம் பிரிச்சுப் போடுவாங்க, ஏற்ற இறக்கத்தைச் சமன் பண்ணுற கொம்பிரஷனும் கொஞ்சம் சேரும். சிலர் ஸ்பீக்கரையே கழட்டிட்டு, அதுக்குப் பதிலா சத்தமில்லாம அம்பின் சுமையைத் தாங்குற லோட் பொக்ஸ் போட்டு, கணினியில வேற கபினெற் சத்தத்தை ஏத்துவாங்க. அந்த டெமோவில கொம்போவின் பாதி இல்லவே இல்லை.

ஒரே பேரில இருக்கிற அம்பும் ஒன்று இல்லை. புளூஸ் ஜூனியர் 2018ல் நாலாம் பதிப்பா வந்தப்போ ஸ்பீக்கர் செலெஸ்ரியன் ஏ-ரைப் ஆச்சு, முந்தினதில வேற ஸ்பீக்கர். நீங்க பார்க்கப்போற அம்ப் எந்தப் பதிப்புன்னு பின் தகட்டில பாருங்க, அதே பதிப்பின் டெமோவை மட்டும் தேடுங்க.

அடுத்தது சத்தத்தின் அளவு. ஃபிளெச்சரும் மன்சனும் 1933ல் அளந்து காட்டினது இது: சத்தம் குறையக் குறைய நம்ம காதுக்கு பேஸ்தான் முதல்ல காணாமப் போகும், உச்சக் கீச்சும் கொஞ்சம் குறையும். டெமோக்காரர் 100 டெசிபெல்லில வாசிச்ச செற்றிங்கை நீங்க பிளற்றில 70ல வச்சா மெலிஞ்சுதான் கேக்கும். நொப் எண்ணை அப்படியே பார்த்து வைக்காதீங்க.

அதுக்காக டெமோ வேஸ்ட்ன்னு சொல்ல வரலை. மைக் எங்க நின்றாலும் மாறாத சில விஷயங்கள் இருக்கு, அதைக் கேளுங்க. வாசிக்கிறவர் கிற்றார் வொல்யூமை 10லிருந்து 5க்கு இறக்கும்போது சத்தம் சுத்தமாகுதா, இல்லை மண்ணாகுதா? வொல்யூம் நொப்பை இடைவெட்டில்லாம மெதுவா ஏத்திக் காட்டுறாரா, எந்த இடத்தில கரகரப்பு தொடங்குது? கம்பியைக் கையால பொத்தினதும் பின்னாடி எவ்வளவு இரைச்சல் மிஞ்சுது? இது மூணும் உண்மையைச் சொல்லும். பேசுற குரலும் அம்பும் ஒரே அறை மைக்கில பதிவான வீடியோ கிடைச்சா விடாதீங்க. குரலோட ஒப்பிட்டாலே அம்ப் எவ்வளவு சத்தம்ன்னு பிடிபடும். ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்அப்) கிற்றார் டெமோ உங்களுக்கு உதவாது. அதில கரகரப்பு முந்தியே வந்துடும், ரெலியில பிந்தும்.

அங்க போனதும் அம்பைத் தரையில வச்சு, மேல நின்று வாசிக்காதீங்க. 12 அங்குல ஸ்பீக்கரில இருந்து கீச்சு நேராத்தான் போகும், அது உங்க முழங்காலுக்குப் போயிடும். தரையோட ஒட்டி இருந்தா பேஸும் வீங்கும். ஒரு கதிரையில தூக்கி வச்சு, ரெண்டு மீற்றர் தள்ளி, காது ஸ்பீக்கர் மட்டத்தில இருக்க உட்காருங்க. நம்ம வீடுகளில மாபிள் தரை, சீமெந்துச் சுவர். கீச்சு எல்லாப் பக்கமும் அடிச்சுத் திரும்பும். முன்னால ஒரு மெத்தையோ திரைச்சீலையோ இருந்தா தீர்ப்பு இன்னும் சரியா இருக்கும்.

ஈயம்_6040

தம்பி, 120 வோல்ட் அம்பை இங்க பாவிக்கலாம். ஆனால் பெட்டியைப் பார்க்காமல் காசைக் குடுக்க வேண்டாம்.

முதல் ஆபத்து எர்த். புறக்கோட்டையில கிடைக்கிற ஸ்ரெப் டவுன் பெட்டிகள் கனக்க ரெண்டு ஓட்டைப் பிளக்தான் வெளியால தரும். அம்பின்ர மூண்டாவது பின்னுக்கு இடமே இருக்காது, அல்லது ஓட்டை இருக்கும், உள்ளுக்க வயர் இருக்காது. அப்ப அம்பின்ர சேசி (உள் உலோகச் சட்டம்) எர்த் இல்லாமல் தொங்குது. உள்ளுக்க ஒரு இன்சுலேஷன் பழுதானால் உங்கட கம்பியில மின்சாரம். மற்றக் கையில மைக்கைத் தொட்டால் உயிர் போகும். மல்ரிமீற்றரை ஓம்ஸில வைச்சு, பெட்டியைச் சுவரில இருந்து கழட்டி, அம்பைப் பெட்டியில கொழுவின நிலையில, பெட்டியின்ர சுவர் பிளக் எர்த் பின்னுக்கும் அம்பின்ர சேசி ஸ்குறூவுக்கும் இடையில பாருங்கோ. ஒரு ஓமுக்குக் கீழ வரவேணும். வராட்டில் மூண்டு கோர் வயர் போட்டு எர்த்தை இணைக்காமல் அந்த அம்பைத் தொடக்கூடாது. ஹம் வருது எண்டு எர்த் பின்னை வெட்டுற வேலையையும் ஒரு நாளும் செய்யாதேங்கோ.

ரெண்டாவது பெட்டியின்ர அளவு. அம்பின்ர பின்பக்கம் எத்தனை வாட் இழுக்கும் எண்டு அச்சடிச்சிருக்கும். 22 வாட் எண்டது ஸ்பீக்கருக்குப் போறது, சுவரில இருந்து இழுக்கிறது அதைப்போல பல மடங்கு. அச்சடிச்ச எண்ணின்ர ரெண்டு மடங்கு வி.ஏ. (வோல்ட்-அம்பியர், பெட்டி தாங்கிற அளவு) உள்ள பெட்டி எடுங்கோ, 500 வி.ஏ. எண்டால் டீலக்ஸுக்குத் தாராளம். சில மலிவுப் பெட்டிகளில எழுதின அளவை நம்பேலாது, பாரத்தைத் தூக்கிப் பாருங்கோ. 500 எண்டு எழுதி ஒரு கிலோவும் இல்லையெண்டால் உள்ளுக்க அவ்வளவு செம்பும் இரும்பும் இல்லை.

வோல்ட் கணக்கையும் பாருங்கோ. 110 வோல்ட் பெட்டியில 120 வோல்ட் அம்ப் ஓடினால் ரியூபை உள்ளுக்க சூடாக்கிற ஹீற்றருக்கு 6.3க்குப் பதிலா 5.8 வோல்ட் அளவில வரும். அது பத்து வீதத்துக்குள்ள நிக்குது, பயமில்லை. ஆபத்து மற்றப் பக்கம்தான். ஜப்பானில இருந்து வாற 100 வோல்ட் அம்பை இதே 110 பெட்டியில கொழுவினால் ஹீற்றருக்கு 6.9, பிளேற் வோல்டேஜும் அதே அளவில ஏறும், ரியூபும் கபாசிற்றரும் கெதியாப் போகும். அதுக்கு 100 வோல்ட் வெளியால தாற பெட்டி வேணும்.

அதோட ஹேர்ட்ஸ். அமெரிக்காவில 60, இங்க 50. ஸ்ரெப் டவுன் பெட்டி இதை மாத்தாது. 60க்கு மட்டும் சுத்தின ட்ரான்ஸ்ஃபோமர் 50ல ஓடினால் இரும்புக்குள்ள காந்தப் பாயம் 20 வீதம் கூடும், சூடாகும், உறுமும். அதனால வாசிச்சுப் பார்க்கிற அரை மணித்தியாலமும் அம்பை ஓனில விடுங்கோ. கடைசியில நிப்பாட்டிப் பிளக்கைக் கழட்டிப்போட்டு பவர் ட்ரான்ஸ்ஃபோமரின்ர வெளி மூடியில கையை வையுங்கோ. சூடு இருக்கத்தான் செய்யும். ரெண்டு செக்கன்கூட கையை வைக்கேலாமல் இருந்தால் அந்த அம்ப் வேண்டாம்.

இனி மற்றச் சோதனைகள். போக முதலே அம்பைப் போட்டு வைக்கவேண்டாம் எண்டு விக்கிறவருக்குச் சொல்லுங்கோ, குளிர்ந்த நிலையில இருந்து தொடங்கவேணும். முதல்ல பின்பக்கத்தால ரியூபுகளைப் பாருங்கோ. கண்ணாடியின்ர உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கிற பூச்சு ஒண்டு இருக்கும். அது பால் வெள்ளையா மாறியிருந்தால் காத்துப் பூந்திட்டுது, அந்த ரியூப் செத்துப்போச்சு. ஓன் பண்ணி ஒரு நிமிசத்தால ஸ்ராண்ட்பை சுவிச்சை எடுத்து (டீலக்ஸில இருக்கு, புளூஸ் ஜூனியரில இல்லை), லைற்றை அணைச்சுப்போட்டுப் பாருங்கோ. கண்ணாடி ஓரத்தில நீல ஒளி தெரிஞ்சால் பிரச்சினை இல்லை. நடுவில உள்ள சாம்பல் நிறத் தகடு செம்மஞ்சளாப் பழுத்தால் உடன நிப்பாட்டுங்கோ, பயஸ் (ரியூபால போற கரண்டைக் கட்டுப்படுத்திற வோல்ட்) போயிட்டுது அல்லது ரியூப் ஷோர்ட்.

எல்லா வொல்யூமும் பூச்சியத்தில இருக்கேக்க ஹம் கேட்டால் குற்றம் பவர் பக்கம், பெரும்பாலும் ஃபில்ரர் கபாசிற்றர். இங்க அது 100 ஹேர்ட்ஸ் உறுமல். வொல்யூமோட சேர்ந்து ஏறினால் பிரீ அம்ப் ரியூப், இன்புட் ஜக், அல்லது உங்கட ரெலியின்ர ஒற்றைச் சுருள் பிக்அப். திரும்பி நிண்டு பாருங்கோ, கூடிக் குறைஞ்சால் கிற்றார்தான். பென்சில் கட்டையால சின்ன ரியூபுகளை மெல்லத் தட்டுங்கோ. மணி மாதிரிக் கிணுங்கினால் அந்த ரியூப் மைக்ரோஃபோனிக், அந்தச் சின்ன ரியூப் (12ஏ.எக்ஸ்.7) ஒண்டு மாத்தினால் சரி, அதை வைச்சு விலையைக் குறைக்கலாம். ரிவேர்பை 4ல வைச்சு அம்பை மெதுவா ஆட்டினால் ஸ்பிறிங் இடிக்கிற சத்தம் வரவேணும். வராட்டில் பெரும்பாலும் கீழ ஸ்பிறிங் பெட்டிக்குப் போற ஆர்.சி.ஏ. வயர்தான் கழண்டிருக்கும்.

புளூஸ் ஜூனியரில ஒரு இடத்தைக் கட்டாயம் பார்க்கவேணும். ஈ.எல். 84 ரியூப் ரெண்டும் தலைகீழாத் தொங்குது, சொக்கெற் சேர்க்கிற் போர்ட்டில இருக்கு, பயஸ் சரிசெய்ய நொப் இல்லை, கொஞ்சம் சூடாத்தான் ஓடும். அந்தச் சூட்டில ஈயம் வைச்ச இணைப்பில வெடிப்பு விழும். வாசிக்கேக்க ரியூப் அடிப்பக்கத்தை மரக்குச்சியால அசைச்சுப் பாருங்கோ, சத்தம் விட்டு விட்டு வந்தால் திரும்ப ஈயம் வைக்கவேணும். வெள்ளவத்தைக் கடல் காத்து சொக்கெற் பின்னையும் பச்சையாக்கும். ரியூபை ரெண்டு மூண்டு தரம் கழட்டிப் பூட்டி கொன்ராக்ட் கிளீனர் அடிச்சால் போதும். சேசியை மட்டும் நீங்களாத் திறக்கவேண்டாம், பிளக் கழட்டின பிறகும் கபாசிற்றரில 400 வோல்ட் அளவில நிக்கும்.

கொட்டாஞ்சேனை_ரெலி

மேல எழுதினது எல்லாம் சரி. ஆனா எதை வாங்குறதுன்னு ரெண்டு பேரும் சொல்லலை. என் கருத்து புளூஸ் ஜூனியர்.

15க்கும் 22க்கும் வித்தியாசம் 1.7 டெசிபெல்தான், காதுக்கு அது பெரிசா தெரியாது. ஸ்பீக்கரின் சென்சிற்றிவிற்றி (ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் தரும்ன்றது) 97ல இருந்து 100க்குப் போனா அதைவிடக் கூடக் கிடைக்கும். அதனால வாட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். பிளற்றில எது வாசிக்க முடியும்ன்றதுதான் கேள்வி. டீலக்ஸில மாஸ்ரர் வொல்யூம் (கரகரப்பைக் குறைக்காம மொத்தச் சத்தத்தை மட்டும் இறக்குற நொப்) இல்லை. வொல்யூம் 2க்கு மேல போனா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இன்னொரு விஷயம் டெமோவில யாரும் காட்ட மாட்டாங்க: டீலக்ஸின் ரெண்டு சனலில ரிவேர்ப் உள்ள வைப்ரேற்றோ சனலில கீச்சைக் கூட்டுற 47 பிக்கோஃபாரட் பிரைற் கபாசிற்றர் ஒன்று நிரந்தரமா இருக்கு. வொல்யூம் 5, 6ல அதன் வேலை குறைஞ்சுடும், அதனாலதான் சத்தமா வாசிக்கிற டெமோ தேன் மாதிரி. 2ல வச்சா கீச்சு மட்டும் தனியாத் தாண்டி வரும். ரெலி பிரிட்ஜ் பிக்அப்ல ஊசிதான். மிட் நொப்பும் கிடையாது. நோர்மல் சனலில அந்தக் கபாசிற்றர் இல்லை, ஆனா அங்க ரிவேர்பும் இல்லை. நீங்க காதைக் குத்துதுன்னு சொன்ன வீடியோவில வொல்யூம் நொப் எங்க நிக்குதுன்னு திரும்பப் பாருங்க.

புளூஸ் ஜூனியரில மாஸ்ரர் இருக்கு, மிட் இருக்கு. பிளற்றுக்கு வொல்யூம் 6, மாஸ்ரர் 2, ட்ரெபிள் 4, மிட் 8, பேஸ் 6ல தொடங்குங்க. சேர்ச்சில மாஸ்ரரை ஏத்தி வொல்யூமை 4க்கு இறக்குங்க, மைக் ஒன்று முன்னால வச்சா ட்ரம்ஸோட தாராளம். அம்ப் பெட்டி சின்னது, பேஸ் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கும். டீலக்ஸின் விரிவான கிளீன் இதில வராது, அதை ஒத்துக்கத்தான் வேணும்.

ரியூப்தான் வேணும்ன்னு கட்டாயம் இல்லைன்னா ஃபென்டரின் ரோன் மாஸ்ரர் டீலக்ஸ் ரிவேர்பும் பாருங்க. டிஜிற்றல், 10 கிலோ சொச்சம், பின்னால சுவிச்சில 22 வாட்டிலிருந்து 0.2 வரை இறக்கலாம். மூணாம் மாடிக்கு அது நியாயமான தெரிவு.

மைக்_ஸ்ராண்ட்

ஒரு சின்னத் திருத்தம். ஃபென்டர் ரோன் நொப்கள் (பேஸ், மிட், ட்ரெபிள்) எல்லாம் நடுவில நின்றா சத்தம் ஃபிளற் (மூணும் சம அளவு) இல்லை, மிட் குழிஞ்சுதான் இருக்கும். மிட் முழுசா ஏத்தி, பேஸும் ட்ரெபிளும் 2 கிட்ட வச்சாத்தான் ஃபிளற்றுக்குக் கிட்ட வரும். புளூஸ் ஜூனியரை அங்கிருந்து தொடங்கித் தேவையானதை ஏத்திக்கிட்டு வாங்க. அம்பின் குணம் சீக்கிரம் பிடிபடும்.

ஒற்றைச்சுருள்_வெள்ளவத்தை

மூண்டு பேருக்கும் பெரிய நன்றி. வீடியோவைத் திரும்பப் பார்த்தன். குத்துற டெமோவில வொல்யூம் 2ல, தேன் மாதிரி இருந்ததில 5 தாண்டி. புளூஸ் ஜூனியரைத்தான் பார்க்கப் போறன். கரண்ட் போற நேரம் சேர்ச்சில ஜெனரேற்றர், வீட்டில இன்வேர்ட்டர். அதில ஓடலாமோ?

ஈயம்_6040

வீட்டு இன்வேர்ட்டர் பியூர் சைன் வேவ் எண்டு எழுதியிருந்தால் ஓடலாம். மொடிஃபைட் சைன் எண்டால் வேண்டாம், ட்ரான்ஸ்ஃபோமர் சூடாகும், ஸ்பீக்கரில கடகட எண்டு ஒரு இரைச்சல் நிக்காமல் வரும். சேர்ச் ஜெனரேற்றரில மீற்றர் வைச்சுப் பாருங்கோ, சின்ன ஜெனரேற்றர் பாரம் குறைய 250 வோல்ட்டுக்கு மேல ஏறும். கரண்ட் மாறுற அந்த ரெண்டு நிமிசம் அம்பை ஓஃப் பண்ணி வையுங்கோ. ஸ்பெயார் ஃபியூஸ் ரெண்டு வாங்கி வையுங்கோ, பின் தகட்டில 230 வோல்ட்டுக்கு நேர போட்ட அம்பியர், ஸ்லோ புளோ வகை. 120க்கு உள்ள எண் அதின்ர ரெண்டு மடங்கா இருக்கும், அதைப் போட்டால் ஃபியூஸ் எரியிறதுக்கு முதல் ட்ரான்ஸ்ஃபோமர் எரியும்.