மலாயா போலீசுக்குக் கவச வண்டி இருந்ததா?

ஈப்போவாசி:
"அவசரகாலத்தின் முதல் நாளிலிருந்தே மலாயா போலீஸ் கவச வண்டியில்தான் போனது" என்று மாறன் நேற்று எழுதியதிலிருந்து மனசு ஆறவில்லை. அவசரகாலம் என்றால் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் மோதிய 1948-60 காலம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டார்கள். அப்புறம் அவசரமாக எஸ்.சி.க்களை, அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை, போலீசில் சேர்த்தார்கள். பெரும்பாலும் மலாய்ப் பையன்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் 20,000-க்கும் மேல். கொஞ்ச நாள் பயிற்சி, கையில் ஒரு துப்பாக்கி, தோட்டத்துக்குக் காவல். மலாயா போலீஸ் கமிஷனர் நிக்கல் கிரே கவசமே வேண்டாம் என்றவர். உள்ளே பத்திரமாக உட்கார்ந்தவன் இறங்கிச் சண்டை போடமாட்டான் என்பது அவர் வாதம். பாலஸ்தீனப் போலீசுக்குத் தலைவராக இருந்துவிட்டு வந்தவர், அங்கே கவச வண்டிகளைப் பார்த்தவர்!

மாறன்:
1951 அக்டோபர் 6. பிரேசர் மலைப் பாதையில் மலாயாவின் பிரிட்டிஷ் ஆட்சித் தலைவர், ஹைகமிஷனர் கர்னி சுடப்பட்ட அன்று அவருடைய காவலில், படைகள் வேவு பார்க்க வைத்திருக்கும் ஸ்கவுட் கார் வந்தது. அது கவச வண்டியா, மாட்டு வண்டியா?

ஈப்போவாசி:
கர்னிக்கு வந்தது. முன்னால் போன போலீஸ்காரர்களுக்கு? திறந்த லேண்ட் ரோவர். முதல் குண்டுமழை அவர்கள் மேல்தான் விழுந்தது.

மாறன்:
"வந்தது" என்று எழுதிவிட்டீர்கள். அது போதும்.

கித்தாக்காடு:
வண்டியையே பேசுகிறீர்கள். ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்லி தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கில் போட்ட அரசாங்கம் அது. அந்தப் போலீசுக்கா இரக்கம்?

ஈப்போவாசி:
கணபதிக்கு நடந்தது அநியாயம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேர் சொன்னால் கண் கலங்கும். அதற்காகக் கிரே சொன்னது மாறிவிடுமா?

பழையசிலாங்கூர்:
காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் கையில் ஸ்டென் இயந்திரத் துப்பாக்கி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜப்பான்காரனை அடிக்க பிரிட்டிஷ்காரனே விமானத்திலிருந்து போட்டது. அவர்கள் தலைவர் சின் பெங்குக்கு ஓ.பி.இ. பட்டமும் கொடுத்தான்.

மாறன்:
ஐயா, ஸ்டென்னுக்குத் தனித் திரி தொடங்குங்கள். போன மாதம் ரயில்வே விவாதத்தையும் இப்படித்தான் திசைதிருப்பினீர்கள்.

பழையசிலாங்கூர்:
அங்கே தப்புச் சொன்னது நீங்கள். இன்னும் திருத்தவில்லை.

ஈப்போவாசி:
மறுபடியும் சொல்கிறேன். கர்னி செத்து இரண்டு மாதம் கழித்து, 1951 டிசம்பரில் குடியேற்ற நாட்டு அமைச்சர் லிட்டில்டன் நேரில் வந்தார். போலீசுக்குக் கவச வண்டி வேண்டும் என்று சொன்னார். கிரே போனார், 1952-இல் அவர் இடத்துக்கு ஆர்தர் யங் வந்தார். முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் இருந்திருந்தால் அமைச்சர் எதைக் கேட்டார்? மூன்றரை வருஷம் அந்தப் பையன்கள் வெறும் தகரத்துக்குள் போனார்கள். அவர்களைக் கவசத்துக்குள் உட்கார வைத்து எழுதாதீர்கள்.

மாறன்:
ஸ்கவுட் கார். ஆமாவா, இல்லையா?

ஈப்போவாசி:
ஒரே ஒரு கார்! மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.